கோல் தாங்கும் ராத்தல்

தூண்டில் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பிடித்த மீனைக் கொண்டுவந்து குழம்பு வைக்கச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன். மீனை விட்டுவிட்டுத் தூண்டிலைப் பற்றியே பேசுகிறவர்களைக் கண்டால்தான் குமட்டும். அப்படிப்பட்ட ஒருவரைத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் என் கணவர் கணக்கெழுதும் கிராணி. ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம், சீமைக்குக் கப்பலேறிய துரை தன் தூண்டில் கோலை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூங்கிலைச் சிம்பு சிம்பாகச் சீவி ஒட்டிய கோல். அன்றோடு என் நிம்மதி போயிற்று. அது எத்தனை ராத்தல் இழுப்பைத் தாங்கும் என்று இவருக்குத் தெரிந்தாக வேண்டும். கோல் தாங்குவதைவிட நூலின் வலு குறைவாக இருக்க வேண்டுமாம். பெரிய தோமான் மீன் மாட்டி இழுத்தால் நூல் அறலாம், கோல் ஒடியக் கூடாதாம். அதற்காகக் கோலை ஜன்னல் கம்பியில் கட்டி, நுனி நூலில் தராசுப் படிக்கற்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிடுவார். கல் போதாவிட்டால் என் பித்தளைச் சொம்பு. புழு நெளியும் பால் டின் அடுப்படியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில். நான் வீசி எறிவேன். மறுநாள் இன்னொரு டின் வந்திருக்கும். சீ, என்ன பிழைப்பு.

என் தங்கை எங்களோடுதான் இருந்தாள். பெற்றவர்கள் போய்விட்டதால் அவளை ஒரு நல்ல இடத்தில் கொடுக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. தஞ்சோங் மாலிமிலிருந்து ஒரு மாப்பிள்ளை தன் தாயோடு ரயிலேறிப் பெண் பார்க்க வந்தார். அன்று ஒரு நாளாவது கோலை ஒளித்துவையுங்கள் என்று இவரிடம் கெஞ்சியிருந்தேன். இவர் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்தார். பாதி வெளியே தெரிந்தது.

மாப்பிள்ளையின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். தங்கை காப்பியை நீட்டியபோது அவர் கோலின் நுனியை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் நிமிரவில்லை, கை மட்டும் காப்பியை வாங்கிக்கொண்டது. பிறகு இரண்டு ஆண்களும் படிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். உள்ளே அந்த அம்மாள் தங்கையின் கையைப் பிடித்துத் தோள்வரை அமுக்கிப் பார்த்தார். தண்ணீர் தூக்குவாளா, மாவு இடிப்பாளா, சீக்கு ஏதும் உண்டா என்று என்னைக் கேட்டார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மாப்பிள்ளை திரும்பி வந்தார். புழு டின்னைக் கிளறிய விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, அதிரசத்தைப் பிட்டுப் பாதியைத் தின்றார். மீதியைத் தட்டிலேயே வைத்தார். அந்தத் தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். தங்கை என் பின்னாலேயே வந்து கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

என் கணவர் பூரித்துப்போய் ஓடிவந்தார். "தங்கமான பையன்லா. வளைச்சுப் பாத்தே, பத்து ராத்தல் நூலுக்கு மேல கட்டாதீங்கண்ணேன்னு சொல்லிட்டான். இவனையே முடிச்சிருவோம்."

தங்கை திரும்பாமலே சொன்னாள். "எனக்கு அவரு வேணாம் மச்சான். வந்ததுக்கு அந்தக் கோல வேணும்னா குடுத்து அனுப்புங்க."

"கோலையா?" என்றார் இவர். முகம் வெளுத்துவிட்டது. துரை தன் கையால் கொடுத்தது, ஈப்போ முழுக்கத் தேடினாலும் கிடைக்காது, எப்படிக் கொடுப்பது என்று அடுக்கிக்கொண்டே போனார். அவள் முதலில் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. இத்தனை வருஷம் இந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறேனே என்று அருவருப்பாக இருந்தது.

நான் முன்னறைக்குப் போய், இந்த இடம் எங்களுக்குச் சரிப்படாது என்று அந்த அம்மாளிடம் சொன்னேன்.

"வீட்டு ஆம்பளய வரச் சொல்லு. அவரு சொல்லட்டும்," என்றார் அவர்.

"அவரு கோல ஒளிச்சுவைக்கப் போயிருக்காரு," என்றேன். "நான்தான் சொல்றேன்."