காலி செய்யும்முன் துடைத்த சித்தி

என் சித்தி நோயாளிகளுக்கான கட்டில், சக்கர நாற்காலி, ஊன்றுகோல் எல்லாம் வாடகைக்கு விடுகிறார். தெருவில் அவருக்குப் பெயர் ‘கட்டில்காரம்மா’. மருத்துவமனையிலிருந்து ஆளைக் கூட்டிவருகிறவர்கள் பாதி வழியில் கைப்பேசியில் தேடுவார்கள். சித்தியின் இணையதளம்தான் முதலில் வரும். கடைக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. அந்த இணைய முகவரி போனால் பிழைப்பே போன மாதிரி.

முகவரியைப் பதிந்து கொடுத்த கம்பெனி இந்த ஆண்டு புதுப்பிக்கும் கட்டணத்தை இரண்டு மடங்காக்கியது. வேறொரு கம்பெனிக்கு மாற்றினால் பழைய விலைதான். அதிலேயே அடுத்த ஓராண்டுக் கட்டணமும் அடக்கம். கெடு முடிய ஒரு மாதம் இருந்தது. மாற்றுவதற்கு ஒரு வாரம் போதும் என்றார்கள். அன்றைக்கே முடித்துவிடலாம் என்று நான் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றேன்.

சித்தியிடம் ஒரு வழக்கம். வாடகை வீட்டைக் காலி செய்தால் சன்னல் கம்பிவரை துடைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். இந்தக் கணக்கையும் அப்படித்தான் ஒழுங்குபடுத்தினார். உரிமையாளர் என்ற இடத்தில், ஆரம்பத்தில் பதிந்து கொடுத்த என் அப்பாவின் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார். பிறகு, புதுக் கம்பெனியிடம் காட்ட வேண்டிய ரகசியக் குறியீட்டைப் பழைய கம்பெனியிடம் கேட்டார். தரவில்லை. உரிமையாளர் மாறினால், யாராவது திருடிவிடுவார்கள் என்று பயந்து, அறுபது நாள் முகவரியை நகர்த்த விடமாட்டார்களாம்.

அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “என் பேரு உனக்கு அழுக்கா தெரிஞ்சுதா?”

“தூசி படிஞ்சிருந்துச்சு, அத்தான்,” என்றார் சித்தி.

பழைய பெயரையே திரும்பப் போட்டாலும் நாள் முதலிலிருந்துதான் எண்ணப்படும் என்று கம்பெனியில் சொன்னார்கள். கெடு முடிந்தாலும் முகவரி உடனே கைவிட்டுப் போகாது, கொஞ்ச நாள் அவகாசம் தருவார்கள், இரட்டைக் கட்டணம் கட்ட வேண்டாம் என்று நான் வாதாடினேன்.

“அந்தக் கொஞ்ச நாள்ல தளம் திறக்குமா?”

“திறக்காது, சித்தி.”

“அப்ப கட்டில் தேடுறவங்க என்னடா பண்ணுவாங்க?”

அன்று மாலையே கட்டிவிட்டார்.

அறுபது நாள் கழிந்ததும் மாற்றினோம். கட்டிய ஆண்டு வீணாகவில்லை. புது ஆண்டு அதன்மேல் சேர்ந்தது. தளம் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. பழைய கணக்கில் சித்தியின் பழைய தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் மட்டும் மிஞ்சின. அதற்குள் நுழைந்தவர், அழிக்கப்போன விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இப்பத் துடைக்கலாம்ல?”

துடைக்கலாம் என்றேன்.