ஏணை, தூளி

எங்கள் வீட்டுக் கூடத்தின் உத்திரத்தில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கிறது. என் கணவரைக் கைக்குழந்தையாகப் போட்டு ஆட்டியதும் அதில்தான், எங்கள் மகளைப் போட்டு ஆட்டியதும் அதில்தான். கொக்கியில் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் ஒரு பழைய சேலை. பிள்ளையை உள்ளே கிடத்தி லேசாக இழுத்துவிட்டால் மேலும் கீழுமாகத் தானே ஆடிக்கொண்டிருக்கும். பிள்ளை வளர்த்த எந்த வீட்டிலும் இருக்கிற சாமான்தான். எங்கள் வீட்டில் அதற்கு இரண்டு பெயர்கள் இருந்தன.

நான் அதை ஏணை என்பேன். மலைக்குக் கீழே, மலேசியாவின் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மாவின் முன்னோர் வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். கேமரன் மலையின் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் என் மாமியாரின் குடும்பம் மூன்று தலைமுறையாக இருக்கிறது. அவர்கள் திருச்சிப் பக்கம். அவருக்கு அது தூளி.

கல்யாணமாகி வந்த புதிதில், காலையில் எழுந்ததும் வீட்டைக் கூட்ட வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நான் சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"அத்தை, தொடப்பம் எங்க இருக்கு?"

"தொடப்பமா? அது எந்த ஊரு சாமான்? நம்ம வீட்டுல வெளக்கமாறுதான் இருக்கு. பரவால்லன்னா அத வச்சுக் கூட்டு."

அன்று முழுவதும் எனக்கு மனசே சரியில்லை. கோபமாகச் சொன்னாரா, விளையாட்டாகச் சொன்னாரா என்று இரவு கணவரிடம் கேட்டேன். "அம்மா விளையாட்டா பேசுனாலே மூஞ்சி அப்படித்தான் இருக்கும் லா," என்றார். அதன் பிறகும் கொஞ்ச நாள், எந்தச் சாமானையும் பெயர் சொல்லிக் கேட்காமல் நானே தேடி எடுத்துக்கொண்டேன்.

பிறகு பழகிவிட்டது. நான் மல்லாட்டை என்றால் அவர் கடலை என்று திருத்துவார். சில நாள் நான் வேண்டுமென்றே சொல்வேன். கம்போங் ராஜாவில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குச் சம்பள நாளில் போவோம். ஒருமுறை கடைக்காரர் வாளியோடு வந்து, "ஆணம் ஊத்தவாம்மா?" என்று கேட்டார். அவர்கள் குழம்பை அப்படித்தான் சொல்வார்கள்.

"பாருங்கண்ணே, இவ கடலைய மல்லாட்டைங்கிறா, நீங்க கொழம்ப ஆணங்கிறீங்க. நான் யாருகிட்ட போயி தமிழ் பேசுறது?" என்றார் மாமியார்.

"எங்கிட்டயே பேசுங்க. என்ன பேசுனாலும் பில்லு ஒரே பாஷையிலதான் வரும்," என்றார் கடைக்காரர்.

மகள் பிறந்தபோது, எங்கள் பக்க வழக்கப்படி மாமியாரை அவள் ஆயா என்று கூப்பிடட்டும் என்று அம்மா சொன்னார். மாமியார் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "ஆயாவா? நான் என்ன ஆயாக்கொட்டகையில கூலிக்குப் புள்ள பாக்குறவளா? அப்பாயின்னு கூப்பிடச் சொல்லு." மகள் அப்பாயி என்றே கூப்பிட்டாள். ஆனால் அவள் என்னிடம் பேசும்போது ஏணை என்றும் அப்பாயியிடம் பேசும்போது தூளி என்றும் சொல்ல யாரும் சொல்லித்தரவில்லை. நாங்கள் இருவரும் இதில் உள்ளூரப் பெருமைப்பட்டோம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது முறை நான் கர்ப்பமானபோது மகளுக்கு நான்கு வயது. மகளுக்கு மாமியாரின் சேலையில் கட்டியாயிற்று, இந்த முறை என் அம்மாவின் சேலை என்று இரண்டு சம்பந்திகளும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். வளைகாப்புக்கு வந்தபோது அம்மா, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பச்சைச் சேலை ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் கண்ணில் படும்படி வைக்க மாமியார் விடவில்லை. வாங்கிய கையோடு அலமாரிக்குள், கம்பளிகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

"வீட்டுக்கு வராத புள்ளைக்குத் தூளி கட்டக் கூடாது. பேசவும் கூடாது," என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்று தெரியாது. ஆனாலும் அந்த அலமாரிக் கதவை நான் திறக்கவே இல்லை.

மகன் நாள் நெருங்கும் முன்பே பிறந்துவிட்டான். ஈப்போ மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நானும் அம்மாவும் அருகில் ஒரு உறவினர் வீட்டில் தங்கி, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வருவோம். கணவர் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வந்து, கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துவிட்டு மலையேறிவிடுவார். மாமியாரால் வர முடியவில்லை. மகளை அவர்தான் பார்த்துக்கொண்டார். பச்சைப்பிள்ளையைப் படம் எடுத்தால் ஆகாது என்று அவரே சொல்லியிருந்ததால், நாங்கள் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

ஒருநாள் காலை, மூக்கில் மாட்டியிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். வாயால் பால் குடித்தான். நான் வெளியே வந்து மாமியாருக்கு போன் செய்தேன்.

"அத்தை, வாயால குடிக்கிறான். இப்படியே குடிச்சா சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

"அப்ப நான் வீட்டக் கழுவி வைக்கிறேன்," என்றார்.

அதற்கு மேல் நான் என்ன சொன்னேன் என்பதுதான் எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. "ஏணையும் கட்டி வச்சிடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னதாக ஞாபகம். பக்கத்தில் நின்ற அம்மா, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். நான் சொல்லியிருந்தால் மாமியார் திட்டியிருப்பார். அவர் திட்டியதாக எனக்கு ஞாபகமில்லை. ஒருவேளை சந்தோஷத்தில் அவரும் மறந்துபோயிருக்கலாம்.

இரண்டு நாளில் காய்ச்சல் வந்தது. அதன் பிறகு அவன் கண்ணைத் திறக்கவில்லை.

என் கணவரும் தோட்டத்து ஆண்கள் சிலரும் அவனை மலைக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்குள் வராத பிள்ளையை இந்த நிலையில் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று பெரியவர்கள் சொல்ல, வண்டி வீட்டு வாசலில் நிற்காமல் நேராகத் தேயிலைச் சரிவுக்குப் பின்னால் இருக்கும் இடுகாட்டுக்குப் போனது. எங்களில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. தொழிலாளர் லைன் வீடுகளின் கடைசியில், தண்ணீர்க் குழாயடியில் மாமியார் நின்றிருந்தாராம். வண்டி அவரைக் கடந்து போனதாம். கணவர் இவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு உடம்பு தேறிய பிறகு அம்மா என்னைக் கொண்டுவந்து விட்டார். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். கூடத்தின் நடுவில், அம்மாவின் பச்சைச் சேலையில், மடிப்புக் கலையாமல், கட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. மாமியார் அடுப்படியில் நின்றார். என்னைப் பார்த்தார், அதைப் பார்த்தார், பிறகு, "பசியாறிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

கட்டியவர் அவிழ்ப்பார் என்று நான் இருந்தேன். என் கண்முன்னால் அவிழ்த்தால் நான் தாங்கமாட்டேன் என்று அவர் இருந்திருக்க வேண்டும். அப்படியே நாட்கள் போயின. கூடத்தில் நடக்கும்போது இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். அதற்குப் பெயரில்லாமல் போயிற்று. மகள் கிட்டே போனால் நான், "அதத் தொடாத," என்பேன். மாமியாரும், "அந்தப் பக்கம் போகாத சாமி," என்பார். ஏணை என்ற சொல் என் வாயில் வரவில்லை. தூளி என்று அவரும் சொல்லவில்லை.

ஒருநாள் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "அந்தப் புவாய கழட்டிடவா?" என்று கேட்டார். மலாய்க்காரர்கள் சொல்கிற சொல். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அடுத்த வீட்டுச் சாமானைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தது. மாமியார் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். கணவரும் பிறகு கேட்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஒரு காலை நான் வாய்தவறி, "தொடப்பம் எங்கத்தை?" என்று கேட்டேன். மாமியார் போய் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். எந்த ஊரு சாமான் என்று கேட்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்று அன்று நினைத்தேன். எட்டு மாதம்கூடப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று நினைக்கிறாரோ என்று நினைத்தேன். அவர் என்ன நினைத்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. விடியும் முன் எழுந்து, பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும் இடத்துக்குப் போய், கொழுந்து வெட்டிவிட்டு, சாயங்காலம் ஈரக் காலோடு வந்து அடுப்பைப் பற்றவைப்பார். அவர் முகத்தில் நான் எதையும் படிக்க முடியவில்லை.

மழை மாதங்கள் வந்தன. இங்கே மழைக்காலத்தில் துணி எதுவும் காயாது, சும்மா தொங்கும் துணியும் ஈரமாகும். அம்மாவின் சேலையில் பூசண வாடை வர ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே தேயிலை தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருந்தது. நான் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. ஒருமுறை, பிறகு இன்னொரு முறை, சீராக. நான்கு வருடத்துக்கு முன் இரவெல்லாம் கேட்ட அதே சத்தம். நான் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுப்படியிலிருந்து மாமியாரும் ஓடிவந்தார்.

மகள் தன் பொம்மையை உள்ளே போட்டு, கம்பளித் தொப்பியையும் அதற்கு மாட்டி, ஆட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். அது தானாக ஆடிக்கொண்டே இருந்தது. மாமியார் போய் இரண்டு கையாலும் சேலையைப் பிடித்து நிறுத்தினார். நிறுத்திய பிறகும் கையை எடுக்கவில்லை. மகள் அழ ஆரம்பித்தாள்.

"நீ அழுவாத சாமி. உன்ன யாரும் ஏசல," என்றார் மாமியார். பிறகு என்னைப் பார்க்காமல், சேலையைப் பார்த்துக்கொண்டே, "ஏணைய அவுத்துரலாமாம்மா?" என்று கேட்டார்.

இந்த வீட்டில் எத்தனை வருடம் அந்தச் சொல்லுக்காக என்னைக் கேலி செய்திருக்கிறார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

முடிச்சு ஈரத்தில் இறுகிக் கல்லாகியிருந்தது. நாற்காலிமேல் ஏறி நின்று அவர் முயன்றார். கொழுந்து வெட்டி வெட்டிக் காய்த்துப்போன விரல்களுக்கு முடிச்சு பிடிபடவில்லை. நான் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தேன்.

"வேணாம் வேணாம். உங்கம்மா சீலை."

கரண்டிக் காம்பை முடிச்சுக்குள் விட்டு நான் நெம்ப, அவர் இழுக்க, கடைசியில் விட்டது. சேலை மொத்தமாக என் தலைமேல் விழுந்தது. மகள் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். மாமியார் இறங்கி, தரையில் உட்கார்ந்து, சேலையை மடியில் போட்டு மடிக்க ஆரம்பித்தார். பாதி மடித்ததும் கை நின்றது.

"நாந்தான் கட்டுனேன். வந்துருவான்னு நெனச்சேன்."

"நான்தான் கட்டச் சொன்னேன் அத்தை."

"நீ சொல்லல."

"சொன்னேன்னு நெனக்கிறேன்."

"நீ சொல்லல. பால் குடிக்கிறான்னுதான் சொன்ன. நாந்தான் எடுத்துக் கட்டுனேன்." மடிப்பைக் கையால் நீவிவிட்டார். "வண்டி அந்தப் பக்கமா போச்சு. துணி சுத்தியிருந்துச்சு. நான் அவன் மூஞ்சியப் பாக்கவே இல்ல."

அவரைத் தவிர அவனைப் பார்க்காதவர் எங்கள் வீட்டில் மகள் மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவர் ஏதோ கேட்க நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"முடி இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நெறைய இருந்துச்சு அத்தை. காதுமேல எல்லாம் இருந்துச்சு."

"கலரு?"

"அவரு மாதிரிதான்."

"மூக்கு?"

"மூக்கு உங்க மூக்கு."

அவர் கை தானாகப் போய்த் தன் மூக்கைத் தொட்டது. மூக்குத்தியை லேசாகத் திருகினார்.

"இந்தச் சப்ப மூக்கா?" என்றார். "பாவம் புள்ள."

சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மகள் வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்துகொண்டு, விரல் எப்படி இருந்தது, கண் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாடை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.