கையால் எழுதக் கூடாத கட்டம்

காளீஸ்வரன் சார் எக்ஸெல்லைத் திறந்தாலே லாமியா அக்காவின் முகம் கடை ஷட்டர் இறங்கியது போல் ஆகிவிடும். துப்பட்டாவின் நுனியை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகிக்கொள்வார். பக்கத்து மேசையில் கம்பி வரைபடங்கள் போட்டுக்கொண்டிருக்கும் எனக்கு அது போதும். இன்றைக்கு ஏதோ இருக்கிறது என்று புரிந்துவிடும்.

இராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். சார்தான் இன்ஜினியர், அவருக்குக் கீழே அக்காவும் நானும். அக்கா தொண்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். அவருடைய அத்தா சவுதியில், தம்மாமில் லாரி ஓட்டுகிறார். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்ததும் இங்கே கோடு போடத்தான் அவரை எடுத்தார்கள். கட்டடத்தையே மாடலாகக் கணினிக்குள் எழுப்பிக் காட்டும் ரெவிட் என்கிற மென்பொருளை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கருவேலங்காட்டைத் தாண்டி வரும் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் ஃபோனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் தோளில் தூங்கி விழ, தன் கை மட்டும் மடியில் கிடந்த சாப்பாட்டுப் பையின் மேல் மௌஸைப் போல் நகர்ந்துகொண்டிருக்கும் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

அப்போது நாங்கள் இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தோம். கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான். உரிமையாளர் பூமயில் அம்மா. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம். கட்டடம் எழும்பிப் பூச்சு வேலையும் முடிந்துவிட்டது. இனி எந்த அறைக்குத் தரையில் என்ன டைல்ஸ், சுவரில் என்ன பெயிண்ட், மேலே என்ன என்று முடிவாக வேண்டும். அறைவாரியாக அதைச் சொல்கிற அட்டவணைக்கு ஃபினிஷ் ஷெட்யூல் என்று பெயர். சார் அதை எக்ஸெல்லில் ஒவ்வொரு அறையாக அடித்து, படமாக்கி, வரைபடத்தின் ஓரத்தில் ஒட்டிவிடுவார். வரைபடத்தில் ஓர் அறையை இரண்டாகப் பிரித்தால் ஒட்டிய படத்துக்கு அது எப்படித் தெரியும்? முதல் மாடியில் ஒரு குளியலறைத் தரையில், படுக்கையறைக்கு வாங்கிய பளபளப்பான டைல்ஸ் விழுந்தது இப்படித்தான்.

பூமயில் அம்மா நின்று பார்த்து, தன் கண் முன்னாலேயே அதைப் பெயர்த்தெடுக்கச் சொன்னார். அங்கிருந்தே சாருக்கு ஃபோன். ஸ்பீக்கரில் போடாமலே எங்களுக்கும் கேட்டது.

"குளிக்கிற எடத்துல கண்ணாடியப் பதிச்சு வச்சிருக்கீகளே, விழுந்து இடுப்பு ஒடஞ்சா நீங்க வந்து தூக்குவீகளா தம்பி? இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா மதுரையில ஆளப் பாத்துக்கிருவேன். சனிக்கிழமை டைல்ஸுக்கு ஆர்டர் போடணும். அதுக்குள்ள ஒழுங்கான லிஸ்ட்டு வேணும்."

சார் ஃபோனை வைத்துவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த லாட்ஜ் போனால் மூன்று பேருக்குப் போதுமான வேலை ஆபீஸில் இருக்காது. யார் கிளம்ப வேண்டியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கோடு போட வந்தவர் என்று இன்னமும் சொல்லப்படுகிறவர் ஒருவர்தான்.

"சார், இந்த லிஸ்ட்ட மொத்தமா என்கிட்ட விட்டுருங்க," என்றார் அக்கா. "எக்ஸெல் வேணாம். ரெவிட் மாடல்லயே வச்சிருவோம்."

"அதுல ஒவ்வொரு ரூமாத் தட்டிக்கிட்டு இருந்தா சனிக்கிழமை என்ன, பெருநாளே வந்துரும்மா."

"ஒவ்வொண்ணாத் தட்ட மாட்டேன். எங்க கல்யாணத்துல ஆளுக்கொரு இலையா போடுறோம்? ஒரு பெரிய தட்டுல, சஹன்ல சோத்தக் கொட்டுனா சுத்தி உக்காந்தவங்க எல்லாரும் அதைத்தான சாப்பிடுறாங்க. அது மாதிரி வகை வகையாப் பிரிச்சு, ஒவ்வொரு வகைக்கும் தரை, சுவர், கூரைன்னு ஒரே ஒரு தடவை எழுதிருவேன். ரூம்ல வகைய மட்டும் குடுத்தாப் போதும். மத்ததெல்லாம் அதுவா வந்துரும். நாளைக்கு டைல்ஸ மாத்தணும்னா வகையில ஒரு எடத்துல மாத்தினாப் போதும்."

"அப்ப கக்கூசுக்கும் ஒரு சஹனாம்மா?"

"சார்!" அக்கா முகத்தை மூடிக்கொண்டார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன்.

"சரி, செய்யி. பிசகுனா அந்தம்மாகிட்ட நீதான் பேசணும்."

"பேசுறேன் சார்."

செவ்வாயும் புதனும் அக்கா தலை தூக்கவில்லை. படுக்கையறை, குளியலறை, நடைவழி, சமையலறை, வரவேற்பு என்று வகைகளை எழுதினார். அறைகளுக்கு ஒவ்வொன்றாக வகையைக் கொடுத்தார். கொடுத்த நொடியில் பக்கத்துக் கட்டங்கள் தாமாக நிரம்பின. எந்த டைல்ஸ் எத்தனை சதுர அடி வேண்டும் என்பதும் அடியில் தானாகக் கூடிக்கொண்டே வந்தது. கை படாமல் எழுத்துக்கள் வந்து உட்காருவதைப் பார்க்க, மழை விட்டதும் தந்திக்கம்பியில் குருவிகள் வந்து அமர்வது போலிருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் அட்டவணையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இராமேஸ்வரம் போய் ரூம் ரூமாப் பாத்துட்டு வந்துருவோம், வாங்க தம்பி," என்றார். சார் எதற்கு என்றார். அக்கா ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியபோது எல்லோரும் கடலைப் பார்க்க, அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூமயில் அம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கீழ்த்தளத்து அறைகளைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு ஜன்னலருகில் நின்றுவிட்டார். பக்கத்து லாட்ஜின் வாசலும் உள்நடையும் அங்கிருந்து தெரிந்தன. தீர்த்தமாடிவிட்டு ஒரு பெரிய குடும்பம் வந்துகொண்டிருந்தது. புடவையிலிருந்தும் வேட்டியிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது. அப்படியே கீழ்த்தளத்து அறைகளுக்குள் நுழைந்தார்கள். வாசலிலிருந்து அறைவரைக்கும் தரை கறுத்துக் கிடந்தது. ஒரு பெரியவர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார். அவர் கை பட்ட இடங்களில் எல்லாம் பெயிண்ட் பொரிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் காய்ந்த துணியோடு எல்லோரும் வெளியே வந்து மறுபடி கோயிலுக்குப் போனார்கள். அவர்கள் போன கையோடு அடுத்த குடும்பம் சொட்டச் சொட்ட உள்ளே போனது.

அக்கா துப்பட்டாவைச் செருகிக்கொண்டார்.

"அம்மா, நம்ம லாட்ஜ்லயும் கீழ் ரூமெல்லாம் இப்படித்தானா? தங்குறதுக்கு இல்லையா?"

"தங்குறவுக மேல போயிருவாகம்மா. கீழ பூராவும் ஈரத்துணி மாத்துறவுகளுக்குத்தான். ரெண்டு மணி நேரம் இருப்பாக, போயிருவாக. ஏன் கேக்குற?"

"நீங்க சொல்லவே இல்லையேம்மா. படுக்கையறைன்னு எழுதி வச்சிருக்கோம்."

"இதைப் போயிச் சொல்லணுமாக்கும்!" பூமயில் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இராமேஸ்வரத்துக்கு வந்தவுக நனையாம எப்படிப் போவாக? ஊருக்கே தெரியுமே."

ஊருக்கே தெரிந்ததால்தான் யாரும் சொல்லவில்லை. சார் இந்த ஊரில் எத்தனையோ முறை நனைந்தவர், அவருக்கும் தோன்றவில்லை. கட்டில் போடுகிற அறை என்றால் படுக்கையறை என்று எழுதிவிட்டோம். பளபளப்பான டைல்ஸ், சாதாரண பெயிண்ட். அப்படியே ஆர்டர் போயிருந்தால் அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் ஒவ்வொருவராக வழுக்கி விழுந்திருப்பார்கள்.

திரும்பும் பஸ்ஸிலும் அக்கா தாளையே புரட்டிக்கொண்டிருந்தார். மண்டபம் தாண்டிய பிறகு, "கல்யாணத்துக்கு யார் வாராங்கன்னு கேக்காமலே சோறு ஆக்கிட்டேன் தம்பி," என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. அடுத்து என்ன செய்வது என்பது அவர் முகத்தில் ஏற்கெனவே இருந்தது.

ஆபீஸுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் ஒரு புதிய வகையை எழுதினார். ஈர அறை. தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ். சுவரில் நெஞ்சு உயரம்வரை டைல்ஸ், அதற்கு மேல் ஈரம் தாங்கும் பெயிண்ட். கீழ்த்தளத்தில் படுக்கையறை என்று வகை கொடுத்திருந்த அறைகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இந்த வகைக்கு மாற்றினார். கட்டங்கள் மாறின. சதுர அடிகளும் மாறின. எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அக்கா மட்டும் மறுபடி அச்செடுத்து அடியில் இருந்த கூட்டலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இடிக்குது," என்றார். "கீழ இவ்வளவு ரூம் இருக்கு, இந்த டைல்ஸ் ஏன் கம்மியா வருது?"

தேடினோம். பின்வரிசை அறைகள் அந்தத் தேர்விலேயே சேரவில்லை. அவற்றுக்கு வகை என்ற கட்டத்தில் ஒன்றுமே இல்லை. வகையை நீக்கிவிட்டால் மற்ற கட்டங்களில் எதை வேண்டுமானாலும் தட்டலாம். யாரோ தட்டியிருந்தார்கள். பளபளப்பான டைல்ஸின் பெயர், அதுவும் எழுத்துப்பிழையோடு.

சார் தொண்டையைச் செருமினார். "நேத்து நீ பஸ்ஸுக்குப் போனப்புறம் அந்தம்மா கூப்பிட்டுச்சு. பின்னாடி ரூமுக்கு அந்த மார்பிள் டிசைன் நல்லாருக்கும்னுச்சு. ஒரு நிமிஷ வேலைதானேன்னு..."

"சார், இனிமே இந்தக் கட்டத்துல யாரும் கையால எழுதக் கூடாது."

"சரிம்மா."

"நீங்களும்தான் சார்."

மருந்துக்கடையில் யாரோ சில்லறை கேட்டுச் சத்தம் போடுவது மேலே கேட்டது. சாரின் காது சிவந்தது.

"என் ஆபீஸ்ல எனக்கேவா?"

"உங்க ஆபீஸ்தான் சார். ஆனா பிசகுனா பேச வேண்டியது நான்னு சொன்னீங்க. பேசுறதுக்கு நான் தயார். எனக்குத் தெரியாம எழுதினதுக்கு நான் எப்படிப் பேசுவேன்?" குரல் உயரவில்லை. விரல்கள் மட்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. "ஒரு ரூமுக்குப் புதுசா ஏதாவது வேணும்னா சொல்லுங்க, புது வகை போட்டுருவோம். எத்தனை வேணும்னாலும் போடுறேன். வகை இல்லாம ஒரு ரூம்கூட இருக்கக் கூடாது."

சார் எழுந்து டீ குடிக்கக் கீழே போனார். வெகுநேரம் வரவில்லை. அக்கா பின்வரிசை அறைகளுக்கு வகையைக் கொடுத்தார். பிறகு இன்னொரு சின்ன அட்டவணை செய்தார். வகை கொடுக்காத அறைகளை மட்டும் அது காட்டும். ஒரு பெயர் வந்தாலும் தப்பு. அது எப்போதும் காலியாகவே இருக்க வேண்டும். திறந்து பார்த்தார். மொட்டைமாடி ஏறுகிற இடத்தில் இருந்த ஒரு சின்ன அறையின் பெயர் நின்றுகொண்டிருந்தது. இது அக்காவே விட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு அதையும் சரிசெய்தார்.

சார் திரும்பி வந்தபோது கையில் மூன்று டீ இருந்தது. அக்காவின் மேசையில் ஒன்றை வைத்தார்.

சனிக்கிழமை பூமயில் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். அக்காவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பின்னாடி ரூமுக்கு நான் கேட்ட மார்பிள் டிசைன் எங்கம்மா?"

சார் வாயைத் திறந்தார். அக்கா முந்திக்கொண்டார்.

"அது வழுக்கும்மா. கீழ எந்த ரூமுக்கும் போட மாட்டோம். மேல தங்குற ரூமுக்குப் போட்டிருக்கேன். பாருங்க."

"போட மாட்டோமா? துட்டு குடுக்குறது நானு."

"விழுறது அவங்கம்மா."

பூமயில் அம்மா அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி அக்காவைப் பார்த்தார்.

"கெட்டிக்காரிதான். சரி, வடக்க இருந்து பஸ்ஸுல வாரவுகளுக்குன்னு ஒரு ஹால் இருக்கே. அவுகளும் ஈரத்தோடதான் உக்காருவாக. அதுக்கு என்ன செய்யப்போற?"

சாரின் கை தன் கீபோர்டை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

அக்கா ஹாலைத் தொட்டார். ஈர அறை என்று கொடுத்தார். கட்டங்கள் மாறின, கூட்டல் மாறியது. பூமயில் அம்மா டைல்ஸ் கடைக்கு ஃபோன் போட்டார். "இந்தா அனுப்புறாக. அதுல இருக்கிறபடியே ஏத்தி விடுங்க. எச்சுக்கம்மி வேணாம்," என்றார்.

வகை இல்லாத அறைகளைக் காட்டும் அந்தச் சின்ன அட்டவணையை அக்கா மறுபடி திறந்தார். தலைப்பு இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. எழுதாமல் விட்ட பக்கத்தை இவ்வளவு நேரம் யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

"அனுப்புங்க சார்," என்றார்.