இடது பக்கம் கொஞ்சம் கம்மிங்க

கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு சாமானுக்கு நல்ல பைக் ஒன்றின் விலையைச் சொல்லி, அதைத் திருச்செங்கோட்டில் விற்றுப் பிழைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: நான் பிழைக்கிறேன், நன்றாகவே பிழைக்கிறேன்.

கீழே எங்க வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிறார். மாடியில் என் கடை. நான் விற்பது ஐ.இ.எம். என்று சொல்லப்படும் உசத்தி இயர்போன், காதுத் துளைக்குள் நிறைந்து உட்கார்ந்துகொள்ளும் வகை. பாட்டுக்காரர்கள் மேடையில் போட்டுக்கொள்வது. கேட்டுப் பார்த்து வாங்குவதற்கென்றே ஒரு சின்ன அறை கட்டியிருக்கிறேன். கதவைச் சாத்தினால் கீழே கம்ப்ரஸர் ஓடுவதுகூடத் தெரியாது. அந்தக் கதவையும் மீறி உள்ளே வருவது ரிக் முதலாளி சின்னுசாமி அண்ணன் குரல் மட்டும்தான். மனுசன் போல்ட்டு விலை கேட்டாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். முதலாளி என்கிற மிதப்பு என்று நான் வெகுநாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

சத்தத்தைச் சமம் பண்ணினேன்

வெண்ணந்தூரிலிருந்து தறிப்பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். இரண்டு ஐ.இ.எம். எடுத்து வைத்தேன். ஒன்றைப் போட்டதுமே முகம் மலர்ந்துவிட்டது. "இதுதானுங்க சாமான்! மத்தது டப்பா" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, ஏனென்றால் அவர் டப்பா என்றதுதான் கடையிலேயே நல்லது. ஒரே ஃபோனில் ஒரே வால்யூமில் வைத்தாலும் சில ஐ.இ.எம். கத்தும், சில அடக்கமாகப் பேசும். கத்துவதுதான் உசத்தி என்று மனசு நம்பிவிடும். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று சாமான் விற்றுச் சிரமப்படும் என் இனமே, இதை உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

என் கடையில் ஒரு முறை உண்டு. ஒரே பாட்டு, பாட்டில் ஒரே இடம், மீட்டர் வைத்து அளந்து சமமாக்கிய சத்தம். அதற்கப்புறம்தான் பேச்சு. அப்படியே அவருக்கும் சமம் பண்ணிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்டார். டீ வரவழைத்துக் குடித்துவிட்டு மறுபடியும் கேட்டார். கடைசியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்:

"இப்ப ரெண்டும் ஒண்ணாட்டவே இருக்குதுங்க அம்மிணி. அப்ப வெல கூடுனதையே குடுங்க, மச்சினன் கேட்டா சொல்றதுக்கு ஒரு பேச்சு வேணுமில்லீங்க?"

ஒரு ஜோடி, ஒரு தலை

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் தம்பதி. நான் அந்தண்டை திரும்பி இந்தண்டை பார்ப்பதற்குள் இடது பக்கத்தை அந்தம்மாவும் வலது பக்கத்தை அவரும் செருகிக்கொண்டு, பஸ்ஸில் படம் பார்க்கிற மாதிரி தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துவிட்டார்கள். நான் போட்ட பாட்டில் மிருதங்கம் இடது பக்கம், வயலின் வலது பக்கம். "வயலின் அருமைங்க" என்றார் அவர். "வயலினே இல்ல, வெறும் அடிதான் கேக்குது" என்றார் அந்தம்மா. பாட்டு முடிவதற்குள் கல்யாணமான நாள் முதல் இருந்த வழக்கெல்லாம் வெளியே வந்துவிட்டது.

எழுந்துபோய் இரண்டையும் பிடுங்கினேன். இந்தக் கடையில் ஒரு ஜோடிக்கு ஒரு தலைதான், இரண்டு காதும் சேர்ந்து கேட்டால்தான் பாட்டு முழுசாகும் என்று கறாராகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்தம்மா மட்டும் என் பக்கம் சாய்ந்து சொன்னார்:

"அவருக்கு எதுக்குங்க ரெண்டு? ஊட்ல நான் பேசுனா ஒரு காதே வேல செய்யறதில்லீங்க."

வயரை மாற்றிச் சொருகினேன்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சக்திவேல் மல்லசமுத்திரத்துக்காரன். சின்னுசாமி அண்ணனின் ரிக் வண்டியில் டிரில்லர், அதாவது வண்டியோரம் நின்று லீவரைப் பிடித்துப் பூமியைத் துளைப்பவன். தீபாவளி முடிந்ததும் ராஜஸ்தானுக்கு வண்டி ஏறுகிறான், திரும்ப மாசக்கணக்கு ஆகும். ராத்திரி மகளோடு ஃபோனில் பேச நல்ல இயர்போன் வேண்டும் என்று வந்தான். "மலுவாவே வாங்கிப் பாத்துட்டனுங்க அக்கா. எது வாங்குனாலும் இடது பக்கம் கொஞ்ச நாள்ல கம்மியாயிருது. அதான், இந்த வாட்டி ஒரே முட்டா நல்லதா வாங்கிப்போடலாமுன்னு" என்றான்.

மலிவுச் சரக்கைத் திட்ட வாய்ப்புக் கிடைத்தால் விடுவேனா? ஒரு பாட்டம் திட்டிவிட்டு நல்லதொன்றை மாட்டினேன். இடது கம்மி என்றான். காது ரப்பர் சரியாகப் பொருந்தவில்லை என்று பெரிய ரப்பர் போட்டேன். கம்மி. வேறு ஐ.இ.எம். எடுத்தேன். அதுவும் கம்மி. அலமாரியில் பூட்டி வைத்திருக்கும், எங்க வீட்டுக்காரர்கூடத் தொடக்கூடாத ஜோடியையே எடுத்து மாட்டினேன். கம்மிதான். இனி ஒன்றுதான் பாக்கி. வயரைக் கழற்றி, இடதுக்குப் போவதை வலதிலும் வலதுக்குப் போவதை இடதிலுமாக மாற்றிச் சொருகினேன். கோளாறு வயரிலோ ஃபோனிலோ இருந்தால் இப்போது பக்கம் மாறியாக வேண்டும்.

அவன் கண்ணை மூடிக் கேட்டான். மாறவில்லை. அப்படியென்றால் கோளாறு காதில்தான். என் முகத்தைப் பார்த்தே அவனுக்கும் விளங்கிவிட்டது. இடது காதைக் கையால் பொத்திக்கொண்டான். "லீவருல நின்னா இஞ்சினு ஓடறது இந்தப் பக்கந்தானுங்க" என்றான். விற்க மாட்டேன் தம்பி, நாளைக்கே சேலம் போய்க் காது டாக்டரைப் பார் என்றேன். கதவுக்கு வெளியே, கீழே சின்னுசாமி அண்ணன் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். சக்திவேல் குரலைத் தாழ்த்தினான்:

"அண்ணனுக்குத் தெரிஞ்சா வேற ஆள லீவருக்குப் போட்டுருவாருங்க அக்கா. கீழ நம்ம மாமாகிட்டகூடச் சொல்லிப்போடாதீங்க."

எது கம்மியாகக் கேட்கிறது?

சேலத்து டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள், காதை மூடாமல் இயந்திரத்துக்கிட்ட நிற்காதே. "மூடிக்கிட்டா ஹேமர் அடிக்கற சத்தம் மாறறது தெரியாதுங்களே அக்கா, பாற முடிஞ்சுதா தண்ணி வந்துதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று வந்து நின்றான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சத்தத்தை ஒப்பிடுவதுதானே என் பிழைப்பு? மேடைப் பாட்டுக்காரர்களுக்குச் செய்வதுபோலவே அவன் காதுகளுக்குப் பசை வைத்து அச்சு எடுத்தேன். அந்த அச்சில் சென்னையில் சொல்லி இரண்டு ஜோடி காது அடைப்பான் செய்து வாங்கினேன். ஒன்று முழுக்க அடைத்தது. இன்னொன்றில் சின்ன துவாரம், சத்தத்தை அளவாகக் குறைத்து உள்ளே விடும். கீழே இறங்கி, புதுச் சாமானுக்குச் சோதனை என்று மட்டும் எங்க வீட்டுக்காரரிடம் சொல்லி, கம்ப்ரஸரை ஓடவிடச் சொன்னேன். என் முறையே முறை: ஒரே சத்தம், நிற்பது ஒரே இடம், மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். ஜென்மத்தில் முதல்முறையாக எது குறைவாகக் கேட்கிறது என்று ஒப்பிட்டேன். எங்க வீட்டுக்காரர் இரும்புத் தகட்டைச் சுத்தியலால் தட்ட, துவாரம் வைத்ததைப் போட்டுக்கொண்ட சக்திவேல், "தட்டறது தனியாக் கேக்குதுங்க! இரைச்சல் மட்டுந்தான் அமுங்குது!" என்று குதித்தான்.

நாங்கள் மூவரும் கம்ப்ரஸர் மேலேயே கண்ணாக இருந்ததில், சின்னுசாமி அண்ணன் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னார். "காதுக்கு என்னடா?" என்றார். நான் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயெடுப்பதற்குள் சக்திவேல் முந்திக்கொண்டான். "இடது பக்கம் கம்மிங்கண்ணா. டாக்டரப் பாத்துட்டேன். இதப் போட்டுக்கிட்டா லீவருல நிப்பேன். வேண்டாமுன்னா நீங்க சொல்லுங்க." சொல்லிவிட்டு அடைப்பானைக் கழற்றி அவரிடம் நீட்டினான். அண்ணனும் லீவர் பிடித்து முதலாளி ஆனவர்தான். அடைப்பானைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், அந்தச் சந்தே அறிந்த அதே குரலில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"லீவரு அவந்தான், வேற யாரு? இந்த அச்சு எனக்கும் எடும்மா. எனக்கு ரெண்டு பக்கமும் கம்மிதான், வெளிய சொன்னதில்ல!"

உசத்தியான சத்தத்தை விற்க உட்கார்ந்த என் கடையில், இன்றைக்கு ரிக் வண்டி வண்டியாக ஆள் வந்து வரிசையில் நின்று வாங்கிப்போவது, பாட்டே வராத அந்த ஒரு சாமானைத்தான்.