வெந்நீர்க் குழாய்க்குப் போர்த்திய சேலை

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன். பெற்றது நான்கு, பெறாதது ஒன்று. அந்தப் பெறாத ஒன்று என் கொழுந்தன். நான் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. ஐந்து தலைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி எண்ணெய் வைத்து வெந்நீர் ஊற்றியது இந்தக் கைதான். எழுத்து எனக்குக் கொஞ்சம் கோணலாக வரும். வெந்நீர் வைப்பதில் கோணல் கிடையாது.

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செங்கல் அடுப்பு ஒன்று உண்டு. அதில் அண்டாவை ஏற்றி, தென்னை மட்டையும் பாளையும் போட்டு எரிப்பேன். தீபாவளி விடியலில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கொழுந்தன் குடும்பம் எல்லாரும் அங்கேதான் வந்து உட்காருவார்கள். வீட்டுக்கு மூத்தவள் ஒவ்வொருவர் தலையிலும் எண்ணெய் வைத்த பிறகுதான் தண்ணீரைத் தொடலாம். எங்கள் வீட்டு வழக்கம் அது. வழக்கம் என்று வாயால் சொன்னாலும், அதை என் பட்டமாகத்தான் நான் வைத்திருந்தேன்.

அந்தப் பட்டத்துக்குத்தான் என் கொழுந்தன் மனைவி குறி வைத்தாள். ஆனையூரில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் சோலார் வெந்நீர் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு பேத்தியோடு ஆரப்பாளையத்தில் பஸ் மாறிப் போனேன். போகிற வழியெல்லாம் மாடிக்கு மாடி வெள்ளை உருளைதான். மதுரை வெயிலை நாமெல்லாம் திட்டிக்கொண்டே இருந்தோம். இவர்கள் அதைப் பிடித்துக் குழாயில் அடைத்துவிட்டார்கள்.

மாடியில் பார்த்தேன். மேலே தொட்டி படுத்திருக்கிறது. அதற்குக் கீழே கறுப்புக் கண்ணாடிக் குழாய்கள் சாய்வாக, சீப்புப் பல் மாதிரி. கீழே வந்ததும் அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"தொட்டுப் பாருங்கக்கா. பாத்து, சுட்டுரும்."

தொட்டேன். சுட்டது. சுடாதது போல விரலை அங்கேயே வைத்திருந்தேன்.

"வெறகு வேணாம், புகை வேணாம், எம்புட்டுத் தண்ணி!" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. ஒன்றைப் புகழ்ந்தால் 'கண்ணு பட்டுறக் கூடாது' என்று கூடவே சொல்ல வேண்டும். நான் மறக்கவில்லை. வாயில் வரவில்லை.

அவள் சுதாரித்துக்கொண்டு, "இந்தத் தீபாவளிக்கு எல்லாரும் இங்க வந்துருங்கக்கா. இந்த வயசுல நீங்க எதுக்குப் புகையில கெடந்து கண்ணக் கசக்கணும்?" என்றாள்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன், அவனாவது வேண்டாம் என்பான் என்று. "நல்லதாப் போச்சும்மா. பக்கத்து வீட்டுல புகை வருதுன்னு வருசா வருசம் மூஞ்சியத் தூக்குறாக" என்றான். பேத்தி, "அப்பத்தா, அங்க ஷவர் இருக்கு!" என்று குதித்தாள்.

ஷவராம். அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். ஏன் கவிழ்த்தாய் என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

தீபாவளிக்கு முதல் நாளே போய்விட்டோம். அந்த வாரம் மழை ஏமாற்றிவிட்டது. வெயில் நன்றாகவே அடித்தது. விடியலில் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். எண்ணெய்க் கிண்ணம் அவள் கையில் இருந்தது. நான் கை நீட்டினேன்.

"என் வீட்டுல நானே வைக்கிறேன்க்கா. நீங்க உக்காருங்க."

என் தலையிலும் அவளே வைத்தாள். என் கொழுந்தன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு பெண்டாட்டிக்குத் தலையைக் குனிந்து கொடுத்தான். நான் வளர்த்த தலை.

முதலில் குளிக்கப் போனவன் என் மகன். உள்ளேயிருந்து, "சித்தி! பச்சத் தண்ணியா வருது!" என்று கத்தினான்.

"கொஞ்சம் தெறந்து விடுப்பா, வரும்."

திறந்துவிட்டான். வரவில்லை. எங்கள் எல்லாருக்கும் எண்ணெய் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. பச்சைத் தண்ணீரில் எண்ணெய் போகுமா? அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கே நெனச்சேன். பட்டுருச்சு" என்றாள்.

"என்னத்தடி பட்டுருச்சு?"

"கண்ணுதான்க்கா. எல்லார் கண்ணும் ஒண்ணு போலயா இருக்கு?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் செல்போன் வெளிச்சத்தோடு மாடிக்கு ஓடிய பேத்தி, "அப்பத்தா, குழாய் மேல சேலை கெடக்கு!" என்று கூப்பிட்டாள்.

எல்லாரும் ஏறினோம். கண்ணாடிக் குழாய்கள் முழுக்கச் சேலை போர்த்தி, ஓரத்தில் செங்கல் வைத்து, மேலே எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருந்தது.

"இத யாருடி போத்துனா?" என்றான் கொழுந்தன்.

"நாந்தான். அக்கா வந்துட்டுப் போன மறுநாள்லருந்து... கண்ணு படக் கூடாதுன்னு."

"அன்னைல இருந்தா? நீ கவனிக்கலையா சித்தப்பா?" என்று கேட்டான் என் மகன்.

"இந்த வெக்கையில நாங்க எங்கடா வெந்நீர்ல குளிச்சோம்? வந்தவுகளுக்குத் தெறந்து காட்டுறதோட சரி."

என் மகன் சிரித்துவிட்டான். "ஏன் சித்தி, சூரியன் கண்ணும் படக் கூடாதுன்னா தண்ணி எப்பிடிச் சுடும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பச்சைச் சேலையை எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு நான் அவளுக்கு எடுத்துக் கொடுத்தது. அவள் ஒரு நாள்கூட அதை உடுத்தி நான் பார்த்ததில்லை.

"கெட்டிச் சேலைக்கா. காத்துக்குப் பறக்காது" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"நகரு" என்றேன். நேரே அவள் அடுப்படிக்குப் போனேன். இட்லிக் கொப்பரை, குக்கர், பால் சட்டி, இருந்ததையெல்லாம் மாற்றி மாற்றிக் கேஸில் ஏற்றினேன். வெயில் ஏறும் வரைக்கும் எல்லாரும் எண்ணெய்த் தலையோடு எனக்காகக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு தலைக்கும் நான்தான் ஊற்றினேன். "மதினி, இன்னும் ஒரு செம்பு" என்று கொழுந்தன் குனிந்து கேட்டபோதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். சேலையை எடுத்த பிறகு அன்று பகலெல்லாம் நல்ல வெயில். சாயங்காலம் அவள், "முட்டி வலிக்குதுன்னீகளே, ஊத்திக்கங்கக்கா" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்தேன். அண்டாத் தண்ணீர் முதல் செம்பில் கொதிக்கும், கடைசிச் செம்பில் ஆறிப் போகும். இது ஒரே சூட்டில் வந்துகொண்டே இருந்தது. முட்டி என்னுடையது மாதிரியே இல்லை.

"எப்பிடிக்கா இருக்கு?" என்று வெளியே நின்று கேட்டாள்.

"பரவால்ல" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பி மகனை விடவில்லை. "நம்ம மாடியிலயும் வையி. அவ வச்சதவிடப் பெருசா வையி. அடுத்த தீபாவளிக்கு அவ இங்க வந்து குனியணும்."

வைத்துவிட்டான். தினமும் காலையில் ஏறி, ஈரத் துணியால் ஒவ்வொரு குழாயாகத் தூசி துடைக்கிறேன். நேற்று அவள் போன் செய்தாள். பார்க்க வருகிறாளாம். போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து, கெட்டியாக ஏதாவது சேலை இருக்கிறதா என்று தேடினேன். ஒன்று இருக்கிறது. போர்த்துவதா வேண்டாமா என்று இன்னும் யோசனைதான்.

ஏத்தா, பேத்தி, இங்க வா. இம்புட்டுத்தான் எழுதியிருக்கேன். மொதல்ல இருந்து வாசி, கேப்போம். அந்தச் சேலை எடத்த நல்லாச் சத்தமா வாசி.