திருப்பிக் கொட்டிய மண்

காஜா பெராங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது தனபாலன் அண்ணனின் மகன் அழைத்தான். "ஆண்ட்டி, அப்பா காலையில போயிட்டாரு." பணத்தைக் கொடுத்துவிட்டு மீனை அங்கேயே விட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நில அளவை அலுவலகத்தில் அவர் வரைபடம் வரைபவர். நான் ஆவண அறையில். ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவைச் சுற்றி விழுந்த விமானங்களின் இடங்களைத் தேடுவது அவருக்கு ஒரு பைத்தியம். முகத்துக்கு நேராகவே அப்படிச் சொல்வேன். "பைத்தியத்துக்குக் கார் ஓட்டுறவங்கள என்னன்னு சொல்றதாம்?" என்பார். அவருக்கு ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் காரில்தான் தோட்டம் தோட்டமாக அலைந்தோம்.

பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவரின் வீட்டில் ஒரு புகைப்படம் கிடைத்தது. உடைந்த இறக்கை, அதன் முன்னால் தோட்டத்துப் பெண்கள் மூவர், பின்னால் ஒரு குன்று. இடப்பக்கம் செங்குத்து, வலப்பக்கம் நீண்ட சரிவு. விமானப்படைப் பதிவுகளோடு ஒப்பிட்டு, புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு குன்றை அண்ணன் உறுதிசெய்தார். விமானியின் தங்கைக்கு எழுதினார். எண்பதைத் தாண்டிய அந்த அம்மா கடல் கடந்து வந்தார். அங்கே நின்று அழுதார். ஒரு பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். நானும் அழுதேன்.

அடுத்த தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். சுவரில் அந்தப் படம். முறுக்கைக் கடித்தபடி, "என்னாண்ணே, மூணு பேருமே முந்தானைய வலது தோள்ல போட்டிருக்காங்க?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அண்ணன் எழுந்து படத்தருகே போனவர் அப்படியே நின்றுவிட்டார். யாரோ நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள். பெண்களின் தோள் மாறினால் குன்றின் சரிவும் மாறுகிறதே! படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தார். ஆயர் குரோ பக்கத்துக் குன்றொன்று அப்படியே பொருந்தியது. அந்த ஞாயிறே அங்கே மண்ணைக் கிளறினோம். நசுங்கிய அலுமினியத் துண்டுகள் கிடைத்தன.

கையிலிருந்த துண்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "அந்தம்மாகிட்ட சொல்லாதீங்கண்ணே. வயசான மனுஷி, நிம்மதியா இருக்கட்டும்."

"அவங்க அண்ணன் விழுந்தது இங்க. அவங்க வேற மண்ண வச்சிக் கும்பிடுறாங்க. எப்படிம்மா சும்மா இருக்கிறது?"

எனக்குக் கோபம். இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை.

அவர் எழுதிவிட்டார். மூன்று மாதம் பதிலே இல்லை. "கெழவிய கொன்னே போட்டுட்டீங்க" என்றுகூடச் சொன்னேன். பாவி நான். அவர் தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றார்.

கடைசியில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே அதே கைக்குட்டை, அதே மண். கூடவே ஒரு சீட்டு: "இதை எடுத்த இடத்திலேயே சேர்த்துவிடுங்கள். என் அண்ணன் விழுந்த இடத்து மண்ணை அனுப்புங்கள். உண்மையைச் சொன்னதற்கு நன்றி." முழங்கால் வலியோடு அண்ணன் முதல் குன்றில் ஏறி, அந்த மண்ணைக் கொட்டிக் கையால் சமன்செய்தார். பிறகு ஆயர் குரோவுக்குப் போனோம். அங்கே ஒரு பிடி மண்ணை அள்ளி, அதே கைக்குட்டையில் முடிந்து அனுப்பினோம்.

காரியத்தன்று அவர் மகன் அந்தப் படத்தை என்னிடம் தந்தான். பின்புறம் அண்ணனின் கையெழுத்து: "முதலில் சொன்ன இடம் தவறு. தவறு என்னுடையது. கண்டுபிடித்தவர் சாரதா."

மறைத்துவிடச் சொன்னதும் அந்தச் சாரதாதான். அதை அவர் எங்கும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அவரை அறிந்தவர்களே, இதோ நானே சொல்லிவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்.