பேசும் சவுக்கு மரமும் பதினெட்டு வீடுகளும்

திருவிடந்தைக்குக் கிழக்கே, கடலோரக் குப்பத்தில் ஒரு சவுக்கு மரம் பேசுகிறது என்று செங்கல்பட்டு வரைக்கும் பேச்சு. சும்மா பேசவில்லையாம்; காலை ஆறு மணிக்கு மேல் “வஞ்சிரம் இருக்கா?” என்று கேட்கிறதாம். கீழே ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டு அதனோடு விலை பேசிச் சண்டை போடுகிறாளாம். யாரோ ஒரு புண்ணியவான் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, நாலு எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டுப் போனார்.

நேரில் போய்ப் பார்த்தால் மஞ்சள் துணி உண்மை. எலுமிச்சம்பழத்தை எடுத்து யாரோ மீனுக்குத் தடவிவிட்டார்கள். மரம் பேசுவதும் உண்மைதான். ஆனால் பேசியது மரமல்ல, தனக்கோடியின் பட்டன் போன்.

அந்தக் குப்பத்தில் மணல்மட்டத்தில் சிக்னல் கிடையாது. பதினைந்தடி உயரத்தில் நாலு கோடு நிற்கும். தனக்கோடிக்கு ஐம்பத்திரண்டு வயது, மரம் ஏறுகிற உடம்பில்லை. மாவு வாளி ஒன்றில் போனைப் போட்டு, கப்பியில் வலைக்கயிற்றைக் கோத்து மேலே ஏற்றிவிட்டாள். இயர்போன் சொருகியிருந்தால் அழைப்பைத் தானே எடுத்துக்கொள்ளும் வசதி அந்தப் போனில் இருந்தது. அதே துளையில் ஒரு சின்ன ஸ்பீக்கரைச் சொருகினாள். போன் அதை இயர்போன் என்றே நம்பிவிட்டது. அழைப்பு வரும், போன் எடுக்கும், ஸ்பீக்கர் கத்தும், இவள் கீழே நின்று அண்ணாந்து பதிலுக்குக் கத்துவாள். கல்பாக்கம் குடியிருப்பில் அவளுக்குப் பதினெட்டு வீடு வாடிக்கை. பதினோரு வருஷம் படியேறிப் பிடித்த வீடுகள். பெண்ணைக் கட்டிக்கொடுத்தது, கூரையை ஓடாக்கியது எல்லாம் அந்தப் பதினெட்டின் புண்ணியம்.

இந்த மாதிரிக் கைவேலை அவளுக்குப் புதிதல்ல. உப்புக்காற்றில் எலெக்ட்ரானிக் தராசு மாதம் ஒருமுறை செத்துப்போக, அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டு வாயை மெழுகால் அடைத்தாள். தராசு மூன்று வருஷமாக உயிரோடிருக்கிறது. செதிலும் ஐஸும் தேய்த்த விரலை ரேஷன் கடை மிஷின் அடையாளம் தெரியாதவள் போலத் திருப்பி அனுப்பியபோது, சூடான டீ கிளாஸைக் கொஞ்சநேரம் பிடித்துவிட்டு வைத்தால் ரேகை விழும் என்று கண்டுபிடித்தாள். ரேஷன் நாளில் குப்பத்துப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு டீ கிளாஸோடு வரிசையில் நிற்பதை இன்றைக்கும் பார்க்கலாம். கடைக்காரர் ஏதோ விருந்து என்று முதலில் நினைத்தாராம்.

அந்த வித்தையை அவள் முதலில் சொல்லிக்கொடுத்தது தமிழரசிக்கு. தமிழரசி அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் சுதாகரின் மனைவி. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே படகு. கரைக்கு வரும் மீனை இரண்டு பங்காகப் பிரித்து, தனக்கோடி கல்பாக்கத்துக்கும் தமிழரசி கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துக்கும் கொண்டுபோவது வழக்கம். மரத்தில் போனை ஏற்றிய அன்று கப்பி இல்லை. சுதாகரின் வலைச் சாமான்களிலிருந்து ஒன்றை எடுத்து வந்தவள் தமிழரசிதான். ஏணி போட்டு ஏறி, தன் கையாலேயே கட்டினாள்.

“ஒரு வாரத்துல குட்த்துடுக்கா, அவரு தேடுவாரு.”

மூன்று வருஷம் ஆயிற்று.

போன ஐப்பசியில்தான் கோளாறு தொடங்கியது. காலையில் மரம் வாங்கிக்கொடுத்த ஆர்டர்களை எல்லாம் எழுதிவைத்து, மீனை ஆய்ந்து, எட்டு மணி பஸ் பிடித்துக் குடியிருப்புக்குப் போனால், முதல் வீட்டில் “வாங்கிட்டோம்க்கா” என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் அதுதான். அவள் காலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வாரத்தில் ஐந்து வீடு இப்படி.

தனக்கோடி சந்தேகப்பட்டது போனை. தான் சொல்வது அந்தப் பக்கமும், அவர்கள் சொல்வது இந்தப் பக்கமும் சரியாகக் கேட்கவில்லை, வரமாட்டேன் என்று நினைத்து வேறு இடத்தில் வாங்கிவிடுகிறார்கள் என்று முடிவுகட்டினாள். வாளியை இன்னும் மூன்றடி ஏற்றினாள். பேட்டரி மாற்றினாள். ஒன்றும் சரிப்படவில்லை. தமிழரசியிடம் சொல்லிப் புலம்பினாள்.

“ஸ்பீக்கரு சின்னதா கீதுக்கா,” என்றாள் தமிழரசி, வெங்காயம் உரித்துக்கொண்டே. “பெர்சா ஒண்ணு வையேன். அவங்க பேசறது உனக்குத் தெளிவா வுழும்ல.”

நல்ல யோசனையாகப் பட்டது. அடிபட்டுக் கிடந்த ஷேர் ஆட்டோவிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி வந்து மாட்டினாள். இப்போது வஞ்சிரம் கேட்டால் கோயில் வரைக்கும் கேட்டது. மஞ்சள் துணி வந்தது அதற்குப் பிறகுதான். அந்த வாரம் மேலும் நாலு வீடு போயிற்று.

கடைசியில் ஷாரோன்தான் வாயைத் திறந்தாள். குடியிருப்பில் முதல் நாளிலிருந்தே வாங்குகிற வீட்டுக்காரி.

“முட்டி எப்படிக்கா இருக்கு? ஆபரேஷனாமே?”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான். நீங்க அனுப்புற ஆளு சொன்னாங்களே. தொப்பி, மாஸ்க் எல்லாம் போட்டுக்கிட்டு ஏழரைக்கே வந்துடுறாங்க. நாங்க கேட்ட மீனே கரெக்டா கொண்டாராங்க, அதனால நாங்களும் நம்பிட்டோம்.”

கேட்ட மீனே கரெக்டா. தனக்கோடிக்குச் சவுக்கு மரம் நினைவுக்கு வந்தது. அதற்குக் கீழே தினமும் வேலையில்லாமல் நடமாடும் இருபது முகங்களும் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றாக எண்ணினாள். தமிழரசியை மட்டும் எண்ணவில்லை.

மறுநாள் காலை மரம் பேசியது: “அக்கா, நான் ஷாரோன். எங்க தெருக் கடைசியில பதினேழாம் நம்பர் வீட்டுக்குப் புதுசா ஆர்டர். ரெண்டு கிலோ பால்சுறா. அவசரம்!”

“ஆவட்டும்மா, எட்டு மணி பஸ்ல வரேன்!” என்று கத்திவிட்டு, தனக்கோடி அன்றைக்கு மட்டும் மீன் ஆயவில்லை. சாலைக்கு ஓடி, கிடைத்த லோடு ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள். ஷாரோனோடு சேர்ந்து போட்ட ஏற்பாட்டை வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை. தமிழரசியிடம்கூடச் சொல்லவில்லையே என்பதுதான் வழியெல்லாம் அவளுக்கு உறுத்தியது.

பதினேழாம் நம்பருக்கு எதிரே சிறு மதகின்மேல் உட்கார்ந்தாள். ஏழரைக்குத் தொப்பியும் மாஸ்க்கும் வந்தன. அழைப்புமணி ஒலித்தது. வழுக்கைத்தலைப் பெரியவர் ஒருவர் கதவைத் திறந்து, பெட்டியைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார்.

“அம்மா, இந்த வீட்டுக்குள்ள பூண்டு வந்ததே போன வருஷம்தான். சுறா எதுக்கு?”

“நீங்கதான சார் கேட்டீங்க? அவசரம்னீங்களே!” வாதாட வசதியாக மாஸ்க்கை இறக்கினாள் வந்தவள்.

தமிழரசி.

தனக்கோடி மதகிலிருந்து உடனே எழவில்லை. எழுந்தபோது கால் நிஜமாகவே வலித்தது.

“இன்னாடி, எனக்கு ஆபரேஷன் முட்ஞ்சிட்ச்சா?”

தமிழரசி திரும்பினாள். “மரம் கத்துதுக்கா. ஊரே கேக்குது. நான் மட்டும் காத மூடிக்கணுமா?”

“ஊரே கேட்டுச்சி. நீ மட்டுந்தாண்டி பஸ் ஏறுன.”

“நீ பதினெட்டு வூடு வெச்சிகினுகீற. நான் ரோட்ல வெயில்ல குந்திகினுகீறேன். ரெண்டு வூடு எட்துக்கன்னு ஒரு வார்த்த சொன்னியா?”

“நீ கேட்டியா?”

தமிழரசி மாஸ்க்கை மறுபடி மேலே இழுத்துக்கொண்டாள்.

“பெரிய ஸ்பீக்கரு வெய்யின்னியே,” என்றாள் தனக்கோடி. “எனக்கு நல்லா வுழணும்னு சொன்னியே.”

“அம்மா,” என்றார் பெரியவர், “சண்டையைக் கொஞ்சம் தள்ளி நின்னு போடுங்க. பெட்டி சொட்டுது, இது கோலம்.”

திரும்பிவர ஒரே பஸ்தான். ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். நடுவில் பால்சுறா.

இப்போது பதினெட்டில் பதினோரு வீடு தனக்கோடியிடம் இருக்கிறது. ஏழு வீடு, சீக்கிரம் வருகிறாள், வாசலிலேயே ஆய்ந்தும் கொடுக்கிறாள் என்று தமிழரசியிடமே தங்கிவிட்டது. அண்ணன் தம்பி இன்னும் ஒரே படகில்தான் போகிறார்கள். கடலில் அவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று கேள்வி. இதை மட்டும் சரிபார்க்க வழியில்லை.

தனக்கோடி ஆட்டோ ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டாள். அதற்குப் பதில் மைக் வைத்த இயர்போனை, ஒயரை ஒட்டுப்போட்டு நீட்டிக் கிளையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறாள். காலையில் அதைக் காதில் மாட்டிக்கொண்டு கையால் வாயை மறைத்துப் பேசுகிறாள். யாரோ பாவம் செய்ததால் மரத்துக்கு வாய் போய்விட்டது என்று குப்பத்தில் வருத்தம். அந்த யாரோ யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

போன வாரம் சுதாகர் வந்து தலையைச் சொறிந்தான். “அண்ணி, அந்தக் கப்பி... எங்க வூட்ல கேக்குது.”

“அவளையே வந்து அவுத்துக்கினு போவச் சொல்லு. அவ போட்ட முடிச்சி. எனக்கு அவுக்க வராது.”

தமிழரசி வரவில்லை. வாளி ஏறும்போதும் இறங்கும்போதும் கப்பி கிறீச்சிடுகிறது. தனக்கோடி அதற்கு எண்ணெய் போடுவதில்லை, அடுத்தவள் சாமான்.